வெளியே போக வேண்டியது யார்?
குடும்ப வன்முறைச் சட்டத்தின் இருபது ஆண்டுகள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்ப உறவில் இருக்கும் பெண் அங்கே குடியிருக்கலாம், சட்டப்படியான வழியில் அல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது என்று அதன் 17ஆம் பிரிவு சொன்னது. அந்த வாக்குறுதி முழுதாக நின்றது ஐம்பது நாள்தான். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, டெல்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில், மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனுக்குச் சொந்தமான வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அவன் பங்குள்ள கூட்டுக்குடும்ப வீடு ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது பகிர்ந்து வாழும் வீடு என்று அந்த அமர்வு வரையறுத்தது.

நம் ஊரில் கல்யாணமாகிப் போகிற பெண் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று யோசித்துப் பார்த்தால் இதன் விளைவு புரியும். பட்டா மாமனார் பெயரில் இருக்கும். மின் இணைப்பு அவருடைய அப்பா பெயரிலேயே இன்னும் இருக்கும். மாடியில் கட்டிய அறை மாமியார் பெயரில் இருக்கும். கணவன் பெயரில் இருப்பது பெரும்பாலும் ஒரு பைக். வழக்கு வரும் என்று தெரிந்தால் அவன் பெயரில் இருக்கும் வீடும் ஒரு தானப் பத்திரத்தில் அம்மா பெயருக்குப் போய்விடும். இந்தத் தீர்ப்பு வந்தபின், கீழமை நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரு வில்லங்கச் சான்றிதழை நீட்டுவதுதான்.

அதைச் சரி செய்ய பதினான்கு ஆண்டு ஆயிற்று. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. கணவனுடைய உறவினர் பெயரில் இருந்தாலும், அவள் நிலையாகக் குடித்தனம் நடத்திய வீடு பகிர்ந்து வாழும் வீடே என்றது. பதினான்கு ஆண்டில் எத்தனை பெண்கள் பெட்டியோடு படியிறங்கினார்கள் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சட்டத்தின் சொற்கள் இரண்டு தீர்ப்புகளுக்கும் முன்னும் பின்னும் மாறவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மாறியது படித்தவர்களின் பார்வை. இந்தச் சட்டத்தின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. எழுதியிருப்பது தெளிவாக இருக்கிறது. அதை அவளுடைய வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள்தான் வழியில் நின்றுவிடுகிறார்கள்.

2005க்கு முன்னால் அடிபட்ட மனைவிக்கு இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் மூன்றாண்டு வரை சிறை. அதே பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. இன்னொன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம். அதற்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001வரை நீடித்தது என்பதை இன்றைய வாசகர் நம்ப மாட்டார்.

இந்த இரண்டும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்களில் பலர் கணவனை ஜெயிலில் போடச் சொல்லி வருவதில்லை. அடி நிற்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கக் கூடாது, இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். 498ஏ போட்டால் அவன் கைதாவான். அன்று மாலையே அந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தப்படும். போடாவிட்டால் "அனுசரிச்சுப் போம்மா" என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிகளுக்கும் சட்டம் கொடுத்திருந்த கருவிகள் இவ்வளவே. கைது அல்லது சமரசம். நடுவில் எதுவும் இல்லை.

அந்த நடுவிடத்தை நிரப்புவதற்காகத்தான் சிவில் தன்மையுள்ள ஒரு சட்டம் கேட்டு பெண்கள் அமைப்புகள் பல ஆண்டு போராடின. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் தலைமையில் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு ஒரு வரைவு தயாரித்தது. ஆனால் 2002இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா அதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. 'வழக்கமாக' அடித்தால்தான் அது வன்முறையாம். எத்தனை அடியில் வழக்கம் தொடங்குகிறது என்று யார் எண்ணுவது? தன்னையோ தன் சொத்தையோ காக்க அடித்தேன் என்று கணவன் சொன்னால் தப்பிக்கவும் அதில் இடம் இருந்தது. பெண்கள் இயக்கங்கள் வலுவாக எதிர்த்தன, நிலைக்குழு ஆராய்ந்தது, 2004இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. அது காலாவதியானது நல்லதே. அடுத்த ஆண்டு வந்த சட்டம் வேறு தரத்தில் இருந்தது.

அதன் 3ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என்று நான்கு வகை. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இழிவாகப் பேசுவதைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 'மலடி' என்ற சொல்லைக் காலையும் மாலையும் கேட்டு வாழ்ந்த பெண்களுக்கு, அது குடும்பச் சண்டை அல்ல, வன்முறை என்று நாடாளுமன்றம் எழுதிவைத்தது சிறிய விஷயம் அல்ல.

பொருளாதார வன்முறை என்ற பகுதி இன்னும் கூர்மையானது. சீர் நகையை அடகு வைத்துவிட்டு ரசீதைக் காட்டாமல் இருப்பது, அவள் சம்பளம் விழும் கணக்கின் ஏடிஎம் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, வீட்டு வாடகையைக் கட்டாமல் விட்டு அவளை வீட்டுக்காரர் விரட்டட்டும் என்று காத்திருப்பது எல்லாம் இந்த வரையறைக்குள் வரும். காயம் தெரியாததால் இவற்றைப் பற்றி யாரும் மகளிர் நிலையத்தில் புகார் எழுதியதில்லை. வீட்டைவிட்டு அவளால் கிளம்ப முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்.

நிவாரணங்களும் அவ்வாறே. தொந்தரவு செய்யக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை, வீட்டில் குடியிருக்க ஆணை, செலவுக்குப் பணம், குழந்தையை யார் வைத்திருப்பது என்று ஆணை, இழப்பீடு. எல்லாவற்றையும் ஒரே மனுவில், ஒரே நீதித்துறை நடுவர் முன்னால் கேட்கலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே கேட்கலாம். கல்யாணமான ஊருக்கு அலைய வேண்டாம். மனு வந்தால் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள். முடிவு, முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் வர முயல வேண்டும். ஆணையை மீறினால்தான் தண்டனை, ஓராண்டு வரை சிறை அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சட்டத்தைப் பெண்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கூச்சல் எழும்போதெல்லாம் 498ஏவையும் இதையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின்கீழ் மனு போட்டதால் மட்டும் ஒருவரும் கைதாவதில்லை. அடிக்காதே, வெளியேற்றாதே என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அதைச் செய்தவனுக்குத்தான் சிறை. நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. வெளியூரில் இருக்கும் நாத்தனார், ஒன்றுவிட்ட கொழுந்தன் என்று குடும்ப அட்டையில் இல்லாதவர்களையும் எதிர்மனுதாரர் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் சில வழக்கறிஞர்களிடம் இருக்கிறது. அதனால் முதலில் பாதிக்கப்படுவது மனுப்போட்ட பெண்தான். ஆளுக்கொரு ஊருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் அந்த 60 நாள் கரைந்துவிடும்.

யாரெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதில் நீதிமன்றங்கள் ஏறியும் இறங்கியும் நடந்திருக்கின்றன. மனைவி மட்டுமல்ல, அம்மா, மகள், சகோதரி, விதவை அண்ணி, திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவள் எல்லோருக்கும் இடம் உண்டு. 2010இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 'திருமணம் போன்ற உறவு' என்றால் என்ன என்று நிபந்தனைகள் வகுத்தது. இருவரும் திருமணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 'வைப்பு' என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் பயன்படுத்தப்பட்ட ஆங்கிலச் சொல்லை இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே கண்டித்தார். முதல் மனைவி இருப்பதை மறைத்து ஏமாற்றப்பட்ட பெண்ணும் அந்த நிபந்தனையால் வெளியே தள்ளப்படுகிறாள் என்பதுதான் இன்றும் தீராத நியாயமான குறை. 2016இல் எதிர்மனுதாரர் 'வயது வந்த ஆண்' ஆக இருக்க வேண்டும் என்ற வரையறையிலிருந்து அந்தச் சொற்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மகனும் மருமகளும் சேர்ந்து கொடுமைப்படுத்தும் தாய்க்கு அது திறந்த கதவு. அந்தக் கதவில் வந்து நிற்கும் தாய்மார் மிகக் குறைவு. மகன்மேல் மனு எழுத அவர்கள் கை எழுவதில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் சில இடங்களில் உச்ச நீதிமன்றத்துக்கு முன்பாகவே சரியாகப் பார்த்தது. 2007இலேயே நீதிபதி வி.ராமசுப்பிரமணியன், கல்யாணமாகியும் புகுந்த வீட்டில் கால் வைக்கவே விடாத பெண்ணுக்கும் குடியிருப்பு உரிமை உண்டு என்ற பொருளில் சட்டத்தை விரித்துப் படித்தார். வீட்டில் உண்மையில் வாழ்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. இன்னொரு பக்கம், சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டது என்று சொல்லி ஒரு பெண்ணின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. ஓராண்டுக் காலவரம்பு இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. வயதான பெற்றோரைக் காக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் தந்திரத்துக்கும் 2020 டிசம்பரில் தடை விழுந்தது. ஆக, சட்டப் புத்தகத்தில் பார்த்தால் இருபது ஆண்டில் பெண்ணின் நிலை முன்னேறியே இருக்கிறது.

புத்தகத்துக்கு வெளியே வந்தால் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் தெரிகின்றன. அதில் உட்கார வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர்.

இந்தச் சட்டத்தின் புதுமையே இவர்தான். சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம்; இவரை நியமிக்க வேண்டியது மாநில அரசு. கூடியவரை பெண்ணாக இருக்க வேண்டும், சமூகத் துறையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. பெண் சொல்வதைக் கேட்டு குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை தயாரிப்பது, அதை நடுவருக்கும் அந்த எல்லைக் காவல் நிலையத்துக்கும் அனுப்புவது, இலவசச் சட்ட உதவி வாங்கிக் கொடுப்பது, காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, அவள் விரும்பினால் தங்கும் இல்லத்தில் சேர்ப்பது, நீதிமன்ற நோட்டீஸை இரண்டு நாளுக்குள் எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிப்பது, ஆணை வந்தபின் அது நடக்கிறதா என்று பார்ப்பது என வேலைகள் நீள்கின்றன. அத்தனையும் ஒரே ஆள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாத, கோர்ட் படி ஏறியிராத ஒரு பெண்ணுக்கும் நடுவருக்கும் நடுவில் அரசாங்கம் போட்ட பாலம் இவர்.

பாலத்தை எத்தனை இடத்தில் கட்டினார்கள்? பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில். பல மாநிலங்களில் அதுவும் வேறு பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாக. திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 12 வட்டங்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் அடிபட்ட பெண், மாவட்டத் தலைநகரில் இருக்கும் அந்த ஒரு மேசையை அடைய மலையிறங்கி, பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வந்த அன்று அலுவலர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால்? சட்டம் சொன்ன மூன்று நாள் கணக்கு தொடங்கும் முன்பே ஒரு நாள் போயிற்று. மறுநாளும் வருவாளா என்பதே சந்தேகம்.

உச்ச நீதிமன்றத்தில் 'வி தி விமன் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் இந்த நிலை வெளிச்சத்துக்கு வந்தது. 2022 ஜூலை கணக்குப்படி நாடெங்கும் இந்தச் சட்டத்தின்கீழ் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. 60 நாள் என்று எழுதிய சட்டம் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஆண்டுகளில் நடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வழக்குகளின் குவியலுக்கு நடுவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காலையில் அடிதடி, திருட்டு, காசோலை வழக்குகள் என்று நூறு கோப்பு மேசையில் இருக்கும் நடுவரிடமே இதுவும் போகிறது. நோட்டீஸ் சேரவில்லை என்றால் அவர் தேதி தள்ளுவதைத் தவிர என்ன செய்வார்? நோட்டீஸைச் சேர்க்க வேண்டியவர் மாவட்டத்துக்கு ஒருவர்.

இன்னொரு சிக்கல், இந்த மனு ஏறக்குறைய குற்றவழக்கு மாதிரியே நடத்தப்படுகிறது. எதிர்மனுதாரரைக் குற்றவாளியைப் போல அழைக்கும் வழக்கத்தை 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் விமர்சித்து, இது சிவில் தன்மை கொண்டது என்று நெறிமுறைகள் கொடுத்தார். இதில் பெண்ணுக்கும் நன்மை உண்டு. எதிர்த்தரப்பைக் கூண்டில் நிறுத்துவது நோக்கமில்லை என்று தெரிந்தால், மனுவை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதும் குறையும். உயர் நீதிமன்றங்களுக்கு ரத்து செய்யும் அதிகாரம் உண்டு, ஆனால் மிக எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது.

தேவை எவ்வளவு என்பதில் சந்தேகம் இருப்பவர்கள் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றைப் பார்க்கலாம். 2019–21இல் நடந்த அந்த ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29.3. கல்வியில், மருத்துவத்தில், பெண்கள் வேலைக்குப் போவதில் முன்னால் நிற்கும் மாநிலம் இந்த எண்ணில் மட்டும் ஏன் சராசரியைத் தாண்டி நிற்கிறது என்பது நம்மை உறங்கவிடக் கூடாத கேள்வி. இங்கே பெண்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். அது உண்மையாகவே இருந்தாலும், ஆய்வு செய்ய வந்தவரிடம் தனியறையில் சொன்னவள் அரசு அலுவலகத்தில் சொல்லவில்லை. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடு என்கிறது அதே ஆய்வு. அப்படித் தேடியவர்களும் முதலில் போவது பிறந்த வீட்டுக்கு. அங்கே கிடைக்கும் பதிலை எழுத வேண்டியதில்லை.

181 உதவி எண்ணும், மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உதவுகின்றன. தீக்காயத்தோடு கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு வரும் பெண்களோடு நின்று பணியாற்றும் பி.சி.வி.சி. போன்ற சென்னைத் தொண்டு நிறுவனங்கள் அரசு செய்யாததைச் செய்கின்றன. ஆனால் அழைப்பை எடுப்பவருக்கும் சேவை மையத்துக்கும் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்து ஆணையை நிறைவேற்றும் சட்டப் பொறுப்பு இல்லை. சுற்றிச் சுற்றி அந்த ஒரு மேசைக்கே வர வேண்டியிருக்கிறது.

சட்டம் தொடத் தயங்கிய ஓர் இடமும் உண்டு. திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையை இந்தச் சட்டம் வன்முறை என்று ஒத்துக்கொள்கிறது. அதற்குப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். அதே செயலைக் கணவன் செய்தால் குற்றவியல் சட்டத்தில் வல்லுறவு ஆகாது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்புகள் தந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கிடையே வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த விதிவிலக்கை அப்படியே எடுத்துக்கொண்டது.

நமக்கு அக்கரையில் இலங்கையும் 2005லேயே, 34ஆம் இலக்கச் சட்டமாக, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நீதவான் நீதிமன்றத்தில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளையும், 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். ஆணும் பெறலாம். பொருளாதார வன்முறை அதன் வரையறைக்குள் இல்லை. அந்த வகையில் இந்தியச் சட்டம் விரிவானது. ஆனால் அங்கே பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஒரு பெண் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அரசாங்கத்தின் முகம் ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் அங்கிருந்து கற்கலாம். சட்டத்தை அவர்கள் நம்மிடமிருந்து கற்கலாம்.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாவட்ட, வட்ட அளவில் அதிகாரிகளை அடையாளம் கண்டு ஆறு வாரத்துக்குள் பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்க வேண்டும். இருபதாவது ஆண்டில் இப்படியொரு உத்தரவு தேவைப்பட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'அடையாளம் கண்டு' என்ற சொல்லில்தான் என் கவலை. ஏற்கெனவே அங்கன்வாடி, சத்துணவு, திருமண உதவித் திட்டக் கோப்புகளோடு மூச்சுத் திணறும் ஓர் அதிகாரியின் பெயர்ப்பலகையில் இன்னொரு வரி சேர்ப்பதும் அடையாளம் காண்பதுதான். அவருக்கு வாகனம், நோட்டீஸ் கொண்டுபோக ஓர் உதவியாளர், பெண் அழாமல் பேச ஒரு தனியறை, இவற்றுக்கு நிதி ஒதுக்கும் வரி மாநில நிதிநிலை அறிக்கையில் இருந்தால்தான் வட்டத்துக்கு ஒருவர் என்பதற்குப் பொருள்.

சட்டம் முழு வலுவோடு செயல்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா தந்த உத்தரவைப் பார்க்கலாம். கணவன் அதே வீட்டில் இருக்கட்டும், மனைவியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. கூடவே இருக்கிற ஆளைக் கண்டு நடுங்கும் பெண்ணுக்கு அப்படியொரு ஆணையால் பயனில்லை என்றார் நீதிபதி. அணுகுண்டுக்குப் பயப்படுகிறவர் அருகிலிருந்து குண்டை அகற்ற வேண்டும் என்பது அவர் சொன்ன உவமையின் சாரம். இரண்டு வாரத்துக்குள் கணவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், போகாவிட்டால் போலீஸ் உதவியோடு வெளியேற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெண்ணும் குழந்தைகளும் வீட்டிலேயே இருந்தார்கள்.

அந்தப் பெண் ஒரு வழக்கறிஞர். உயர் நீதிமன்றத்துக்கு வழி அவருக்குத் தெரியும். கணவனை வெளியேற்றும் அந்த அதிகாரம் 19ஆம் பிரிவில் 2006லிருந்தே இருக்கிறது. ஜமுனாமரத்தூருக்கும் அதே பிரிவுதான். அங்கே அவள் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னும் ஆள் வர வேண்டும்.